6 மாதம் மாற்றாத 4 அடி மீன் தொட்டியில் ஒரேயடியாக 80 வீதம் தண்ணீர் மாற்றலாமா?

வெள்ளவத்தை_மாடி3:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏஞ்சல் 4, கோரிடோரஸ் 6, செரி பார்ப் 10. கனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கிற மூடின ஃபில்டர்) ஒன்று, எயார் பம்ப் ஒன்று, ஹீற்றர் இல்லை. 6 மாதமாக வற்றினதை மட்டும் நிரப்பி வந்தது, பழைய தண்ணீரை எடுக்கவே இல்லை. பழைய மீன்கள் நல்லாத்தான் சாப்பிடுகின்றன. ஆனால் போன மாதம் வாங்கி விட்ட நியோன் டெட்ரா எட்டும் இரண்டு நாளுக்குள் செத்துவிட்டன.

நேற்று சொட்டு டெஸ்ட் கிட்டால் பார்த்த அளவுகள்:
தொட்டி: பிஎச் (அமில, கார அளவு) 6.0 (கிட்டில் அதுதான் ஆகக் குறைந்த நிறம்), அமோனியா 4, நைட்ரைட் 0, நைட்ரேட் 80, கேஎச் 0, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 320.
பைப் தண்ணீர்: பிஎச் 7.4, கேஎச் 2, டிடிஎஸ் 60.

அமோனியா 4 என்றதும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை 80 வீதம் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பலாமா? பீப்பாய் வைக்க இடமில்லை, பைப்பிலிருந்து ஹோஸ் போட்டு நேரே விட்டால் என்ன நடக்கும்?

களனிக்கரை:

80 வேண்டாம் தம்பி. இன்றைக்கு 20 லீற்றர் மட்டும் எடுங்கள். ஏன் என்று விளங்கினால் மிச்சத்தை நீங்களே தீர்மானிக்கலாம்.

பெரிய அளவில் தண்ணீர் மாற்றுவது மீனைக் கொல்லாது. டிஸ்கஸ் வளர்க்கிறவர்கள் தினமும் 50 வீதம் மாற்றுகிறார்கள், மீன் செழிப்பாக வளருது. அவர்கள் தொட்டியில் இருக்கிற தண்ணீரும் விடுகிற தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்று. உங்கள் தொட்டியிலோ இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மீனைக் கொல்வது அந்தத் தூரம்தான்.

அது எப்படி உண்டானது என்று பாருங்கள். கொழும்புக்குக் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்து வருகிற தண்ணீரும் சரி, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீரும் சரி, மென்னீர். அமிலத்தைத் தாங்குகிற காரத்தன்மை, அதாவது கேஎச், அதில் கொஞ்சம்தான். ஃபில்டரில் உள்ள பக்டீரியா, மீன் கழிவில் வருகிற 1 கிராம் அமோனியா நைதரசனை நைட்ரேட்டாக மாற்ற 7 கிராமுக்குக் கொஞ்சம் கூடின காரத்தன்மையைத் தின்னும் (கல்சியம் காபனேற்றுக் கணக்கில்). கேஎச் 2 என்பது லீற்றருக்கு 36 மில்லிகிராம். வெறும் 22 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்) நைட்ரேட் உருவாகும்போதே அது தீர்ந்துவிடும். வற்றினதை நிரப்பும்போது கொஞ்சம் கேஎச் வந்து சேர்ந்திருக்கும், அதுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு பிஎச் சரிய, பக்டீரியா மந்தமாகிவிடும், அமோனியா சேரும். நைட்ரைட் 0, அமோனியா 4 என்று ஒன்றாக வருவதற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு அமோனியாவிலும் மீன் ஏன் சாகவில்லை? கிட் காட்டுவது மொத்த அமோனியாவை. மீனைச் சுடுவது அதில் ஒரு சிறு பங்கு. 28 பாகையில், பிஎச் 6 என்றால் அந்தப் பங்கு 0.07 வீதம், 7.4 என்றால் 1.7 வீதம். இப்போது உங்கள் தொட்டியில் நச்சு அமோனியா 0.003 பிபிஎம் அளவில்தான். பாதித் தண்ணீரை மாற்றினால் மொத்தம் 2 ஆகக் குறையும், ஆனால் தொட்டித் தண்ணீரில் தாங்கும் சக்தி இல்லாததால் பிஎச் பைப் தண்ணீர்ப் பக்கம் ஏறிவிடும். 2இல் 1.7 வீதம் 0.034. அமோனியாவைப் பாதியாக்கப் போய் நஞ்சைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டியிருப்பீர்கள். செவுள் சிவந்து, மீன் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும்.

நியோன் செத்ததும் இதே தூரத்தால்தான். பழைய மீன்கள் 6 மாதமாகச் சிறுகச் சிறுகப் பழகிவிட்டன. கடைத் தண்ணீரிலிருந்து வந்ததுக்கு அந்த அவகாசம் இல்லை.

டிஸ்கஸ்_கொட்டாஞ்சேனை:

களனிக்கரை அண்ணா, கணக்கு சரி. ஆனால் அதே கணக்கை 80 வீதத்துக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த அமோனியா 0.8. பிஎச் 7.4 ஆனாலும் நச்சுப் பங்கு 0.014 தான் வருது. 50 வீதத்தை விடப் பாதியும் இல்லை. அமோனியாதான் பயம் என்றால் அரைகுறையாக மாற்றுவதை விட ஒரேயடியாக அடித்துக் கழுவுவதுதானே நல்லது? அதோடு அமோனியாவைப் பிடித்து வைக்கிற மருந்தும் இருக்கு. சீகெம் பிரைம் 200 லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், அவசரத்துக்கு ஐந்து மடங்கு வரை போடலாம் என்று போத்தலிலேயே போட்டிருக்கு.

களனிக்கரை:

நல்ல கேள்வி. அமோனியா மட்டும் பிரச்சினை என்றால் நீங்கள் சொல்வது சரிதான். கட்டாயம் பெரிய மாற்றம் செய்ய வேண்டி வந்தால், உதாரணமாக யாரோ தொட்டிக்குள் கொசு மருந்து அடித்துவிட்டால், நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் டிடிஎஸ்ஸைப் பாருங்கள். 320 உள்ள தொட்டியில் 80 வீதம் மாற்றினால் 112க்கு இறங்கும், அதுவும் ஒரு மணித்தியாலத்தில். நன்னீர் மீனின் உடம்புக்குள் வெளித் தண்ணீரை விட உப்பு கூட. அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியேற்ற, செவுள் உப்பை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வெளியில் உப்பு திடீரென்று குறைந்தால் இரண்டும் அந்த வேகத்துக்குப் பழக மணித்தியாலங்கள் அல்ல, நாட்கள் எடுக்கும். இதில் பிஎச்சும் கிட்டத்தட்ட ஒன்றரை கூடுது. ஏஞ்சல் அன்றைக்கு நல்லாத்தான் நிற்கும். மூன்றாம் நாள் செட்டை மடித்து ஒரு மூலையில் ஒதுங்கும், ஐந்தாம் நாள் வெள்ளைப் புள்ளி நோய் வரலாம், எல்லாரும் நோய் மட்டும்தான் காரணம் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள்.

என் அளவுகோல் இது: தொட்டி டிடிஎஸ் பைப் டிடிஎஸ்ஸை விட இரண்டு மடங்குக்கு மேல் என்றால், அல்லது பிஎச் வித்தியாசம் 0.5க்கு மேல் என்றால், ஒரு நாளில் 10 வீதத்தைத் தாண்ட வேண்டாம்.

இந்தத் தொட்டியில் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 216 லீற்றர், சரளையைக் கழித்தால் 200 என்று வைக்கலாம். 10 வீதம் என்பது 10 லீற்றர் வாளி இரண்டு. தினமும் அவ்வளவு மாற்றினால் 7 நாளில் பழைய தண்ணீர் 48 வீதம் மிஞ்சும், 14 நாளில் 23 வீதம். டிடிஎஸ் 184, பிறகு 120. நைட்ரேட் 80இலிருந்து 18. பிஎச் மெல்ல ஏறும், ஏறும்போதே அமோனியாவும் குறைந்துகொண்டு போகும், கேஎச் வந்ததும் பக்டீரியா திரும்ப வேலை தொடங்கும். முதல் 3 நாள் சாப்பாடு வேண்டாம், ஏஞ்சலுக்கு ஒன்றும் ஆகாது. அதன் பிறகு ஒரு வாரம் பாதிச் சாப்பாடு. இரண்டு நாளுக்கு ஒருக்கா அமோனியாவும் பிஎச்சும் பாருங்கள். பிஎச் 7ஐத் தாண்டியும் அமோனியா 1க்கு மேல் நின்றால் அப்போது பிரைம் போடுங்கள், டிஸ்கஸ் தம்பி சொன்ன இடம் அதுதான்.

இந்த 14 நாளும் ஃபில்டரைத் திறக்க வேண்டாம். அடிச் சரளையையும் ஒரேயடியாகக் கிளற வேண்டாம், 6 மாதக் கசடு அதற்குள் இருக்கு. வாரத்துக்குக் கால்வாசி இடம் போதும்.

மட்டி_ஓடு:

நேரே பைப்பிலிருந்து விடுவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். மனிதர் குடிக்கிற தண்ணீருக்கு 0.2 முதல் 0.5 பிபிஎம் வரை மிஞ்சி நிற்க வேண்டும், அது நமக்குப் பாதுகாப்பு. மீனுக்கு அதே அளவு செவுளை எரித்துவிடும். 20 லீற்றரை வாளியில் மாற்றுவது என்றால் எளிது: வாளியில் அன்டி குளோரின் விட்டு, கையால் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். பிறகு, தொட்டி சரியானதும் 100 லீற்றர் மாற்றும்போதுதான் ஹோஸ் வேலை வரும். அப்போது இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. மருந்தை முதலில் தொட்டிக்குள் விட வேண்டும், பிறகுதான் பைப்பைத் திறக்க வேண்டும். அளவு புதுத் தண்ணீருக்கு அல்ல, முழுத் தொட்டிக்கும். ஏனென்றால் நீங்கள் விட்ட மருந்து பழைய தண்ணீர் முழுக்கப் பரந்துவிடும், ஹோஸ் வாயில் வருகிற குளோரினைச் சந்திப்பது அதில் ஒரு பங்குதான்.

கடையில் சாயம் போட்ட சின்னப் போத்தலில் வருகிற அன்டி குளோரினில் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேற்றுத்தான். எவ்வளவு செறிவு என்று போத்தலில் இருக்காது. பளிங்காகவே வாங்கினால் 100 கிராமை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து இருட்டான போத்தலில் வையுங்கள். 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் பளிங்கு தேவை. 200 லீற்றரில் 1 பிபிஎம் என்றால் கரைசலில் 14 மில்லிலீற்றர். நான் இரண்டு மடங்கு, 30 மில்லிலீற்றர், என்றுதான் சொல்வேன். கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால் மீன் போகும். ஒன்று ஞாபகம்: தயோசல்பேற்று குளோரினை மட்டும்தான் பிடிக்கும், அமோனியாவைத் தொடாது.

நீர்வெட்டு முடிந்து தண்ணீர் வரும் நாளிலும், ஃபிளாட்டில் தாங்கி கழுவின நாளிலும் தண்ணீர் மாற்றவே வேண்டாம். முதலாவதில் குழாயில் படிந்த கபிலக் கசடு வரும், இரண்டாவதில் பிளீச்சிங் பவுடர். தாங்கி எப்போது கழுவுகிறார்கள் என்று காவலாளியிடம் கேட்டு வையுங்கள். நீச்சல் தடாகத்துக்கு விற்கிற குளோரின் சொட்டு ஒரு போத்தல் வைத்திருந்தால், ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கு, நிறம் கடுமையானால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வெப்பம் இன்னொன்று. மேல்மாடிக் கறுப்புத் தாங்கியில் பகல் 2 மணிக்குத் தண்ணீர் தொட்டால் கை சுடும். தொட்டி 28 பாகையில் இருக்கும்போது அது வந்தால் மீன் திணறும், சூடான தண்ணீரில் ஒக்சிசனும் குறைவு. காலை 6 மணி நல்ல நேரம். அப்போதும் பைப்பை ஒரு நிமிடம் ஓட விட்டு, வாளியில் பிடித்து வெப்பமானி வைத்துப் பாருங்கள். 2 பாகைக்குள் இருந்தால் சரி.

பீப்பாய் வைக்க எப்போதாவது இடம் கிடைத்தால் மூடியோடு வையுங்கள். எயார் ஸ்டோன் போட்டு 24 மணித்தியாலம் விட்டால் குளோரின் தானாகவே போகும், ஆனால் மூடாத தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டை போடும். பரிசோதனைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உங்கள் மீன் கணக்கு தேவையில்லை, நுளம்புக் குடம்பி இருந்தால் வழக்குத்தான்.

டிஸ்கஸ்_கொட்டாஞ்சேனை:

அண்ணா சொன்ன டிடிஎஸ் விளக்கம் சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். 14 நாள் முடிந்த பிறகு வாரம் 50 வீதம் மாற்றும்போது கை எப்படிப் போக வேண்டும் என்று நான் எழுதுகிறேன், தவறு நடப்பது அங்கேதான்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஈரக் கையோடு 230 வோல்ற் பக்கத்தில் நிற்கிறீர்கள். வயர் தொட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வழியில் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். வழிந்த தண்ணீர் அந்த வளைவில் சொட்டும், பிளக் பொயின்ற்றுக்குள் ஓடாது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பார்த்து வையுங்கள். ஹீற்றர் உள்ளவர்கள் அணைத்து 20 நிமிடம் கழித்துத்தான் தண்ணீரை இறக்க வேண்டும், சூடான கண்ணாடி வெளியில் தெரிந்தால் வெடிக்கும்.

உறிஞ்சு குழாய்க்கு உள் விட்டம் 16 மில்லிமீற்றர் ஹோஸ் போதும். கொழும்பு பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள், தெளிவானதை வாங்குங்கள், உள்ளே என்ன போகுது என்று தெரியும். ஹோஸ் முனையில் மாட்டின அகலக் குழாயைச் சரளைக்குள் செங்குத்தாக இறக்குங்கள். கபிலக் கசடு புகைபோல மேலே ஏறும், சரளைக் கல் குழாய்க்குள் துள்ளித் துள்ளி பாதி உயரம் வந்து திரும்ப விழும். கல்லும் மேலே ஏறத் தொடங்கினால் ஹோஸை விரலால் மடித்து நெருக்குங்கள், உடனே கல் விழும், கசடு மட்டும் போகும். தண்ணீர் தெளிவானதும் தூக்கி ஒரு கை அகலம் தள்ளி அடுத்த இடம். கோரிடோரஸ் குழாய் வாய்க்குக் கிட்ட வந்து முகர்ந்து பார்க்கும், அவசரப்பட வேண்டாம்.

மறுமுனையைக் குளியலறை வடிகால் வரை கொண்டுபோய் ஒரு கல்லால் பாரம் வையுங்கள். மூன்றாம் மாடியில் ஹோஸ் நழுவினால் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். கண்ணாடியில் எந்த உயரம் வரை இறக்குவது என்று மார்க்கர் பேனையால் முன்பே ஒரு கோடு போடுங்கள். 40 சென்ரிமீற்றரில் பாதி என்றால் 20.

நிரப்பும்போது சரளை மேல் ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தண்ணீர் விழட்டும். ஹோஸ் வாய் தண்ணீருக்கு மேலே, கண்ணாடி விளிம்பில் கிளிப்பால் பிடித்திருக்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்து பைப் அழுத்தம் நின்றால் தொட்டித் தண்ணீர் பின்னுக்கு உறிஞ்சப்படும். வேகம் நிமிடத்துக்கு 5 லீற்றர் போதும்: 10 லீற்றர் வாளி நிரம்ப 2 நிமிடம் எடுக்கிற அளவுக்குப் பைப்பைத் திருப்புங்கள். 100 லீற்றருக்கு 20 நிமிடம். அந்த 20 நிமிடமும் தொட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

நேர் லைன் தண்ணீர் அழுத்தத்தோடு வந்தால் கண்ணாடியிலும் மீன் செட்டையிலும் ஊசி முனை போல் குமிழ் ஒட்டும். அழுத்தத்தில் கரைந்த காற்று வெளியே வருது. மீனின் இரத்தத்துக்குள்ளும் அதே குமிழ் வரலாம், அது ஆபத்து. ஷவர் தலை மாட்டி மேலே இருந்து தூவி விழவிட்டால் காற்று முன்பே போய்விடும். மேல் தாங்கித் தண்ணீரில் இந்தச் சிக்கல் குறைவு.

எல்லாம் முடிந்ததும் ஃபில்டரைப் போடுங்கள். கனிஸ்டர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் உள்ளே ஒக்சிசன் குறைந்து பக்டீரியாவுக்குப் பாதிப்பு வரலாம். ஃபில்டர் பஞ்சு கழுவுவது வேறொரு நாள், அதுவும் எடுத்து வைத்த தொட்டித் தண்ணீரில்.

வெள்ளவத்தை_மாடி3:

எல்லாருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் 20 லீற்றர் வீதம் மாற்றியாச்சு, மீன் எல்லாம் சுகம். இன்னொரு கேள்வி. கேஎச் 0 என்றதும் மீன் கடையில் அப்பச்சோடா 2 தேக்கரண்டி தொட்டியில் போடச் சொன்னார்கள். பிஎச் உடனே சரியாகுமாம். போடலாமா?

களனிக்கரை:

வேண்டாம், கரண்டியை வைத்துவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி கிட்டத்தட்ட 10 கிராம். 100 லீற்றரில் 3 கிராம் போட்டால் கேஎச் 1 பாகை ஏறும், உங்கள் 200 லீற்றரில் ஒன்றரைக்கு மேல் ஏறிவிடும். பிஎச் சில நிமிடத்தில் 7ஐத் தாண்டும், எயார் பம்ப் ஓட ஓட 8 பக்கம் போகலாம். 8இல் நச்சு அமோனியாப் பங்கு 6 வீதத்துக்கு மேல். உங்களிடம் இன்னும் 3 பிபிஎம்முக்கு மேல் இருக்கும். அது 0.2 பிபிஎம் நஞ்சு. விடிய எழும்பிப் பார்க்கும்போது ஏஞ்சல் நாலும் மிதக்கும்.

அமோனியா 0.25க்குக் கீழே வரும் வரை கேஎச்சைக் கையால் ஏற்ற வேண்டாம். வந்த பிறகும் அப்பச்சோடாவைத் தொட்டிக்குள் போடாமல், விடுகிற வாளித் தண்ணீரில் 10 லீற்றருக்கு 0.3 கிராம் கணக்கில் கரைத்து விடுங்கள். சமையலறைத் தராசு அவ்வளவு சின்னதை நிறுக்காது. 3 கிராமை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து, அதில் 100 மில்லிலீற்றர் வாளிக்கு எடுத்தால் அளவு சரியாக வரும்.

மட்டி_ஓடு:

அதைவிட ஆறுதலான வழி சிப்பி ஓடு, மட்டி ஓடு. நல்லாக் கழுவி அவித்துக் காய்ந்ததை நொறுக்கி, 200 கிராம் வலைப் பையில் கட்டி கனிஸ்டரின் கடைசித் தட்டில் வையுங்கள், அமோனியா இறங்கின பிறகு. தண்ணீர் அமிலமாகும்போது வேகமாகக் கரையும், பிஎச் ஏற ஏறக் கரைவது மெதுவாகும், அதனால் கை தவறி அளவு திடீரென்று கூடிப்போகாது. கேஎச் 3 அல்லது 4 வந்தால் போதும். செரி பார்ப் களனி முதல் நில்வளா வரை உள்ள நம் நாட்டு ஓடைகளின் மீன், மென்னீர் அதற்குப் பிறந்த வீடு. கேஎச்சை 8க்கு ஏற்றப் பார்க்க வேண்டாம். வற்றினதை நிரப்பும் நாளிலும் முதலில் ஒரு வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு நிரப்புங்கள்.